திரும்பிப் போன சோற்று வண்டி

கொஞ்சம் தள்ளி உட்காரம்மா. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். ஜன்னலோரம் எனக்கு வேண்டும். கேட்கவில்லை, சொல்கிறேன். கேட்டுப் பழக்கம் இல்லை எனக்கு.

பஸ்ஸில் போயும் பழக்கம் இல்லை. என்ன கூட்டம், என்ன பாட்டு! இந்தப் பாட்டை எழுதியவனையும் இதைப் போடுகிற டிரைவரையும் ஒரே அறையில் பூட்டி வைக்க வேண்டும். உன் மடியில் என்ன பொட்டலம், இட்லியா? மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் மணக்கிறது. பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீ பிரிக்க மாட்டாய். பார்த்தால் படித்த பெண்ணாகத் தெரிகிறாய்.

எனக்குக் கார் அனுப்புவதாகத்தான் சொன்னார்கள். விடியற்காலையில் குளித்து, பட்டு உடுத்தி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வழியில் நல்ல ஓட்டலில் டிபனுக்குச் சொல்லியிருக்கிறோம் மேடம் என்று வேறு சொன்னார்கள். அதை நம்பி வீட்டுச் சமையல்காரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரிய நிறுவனம். சென்னையில் நாலு மாடிக் கட்டடம். ஒரு காரை ஒரு வாசலுக்கு நேரத்தோடு அனுப்பத் துப்பில்லை. இவர்கள்தான் ஊருக்கெல்லாம் சோறு அனுப்புவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். இன்று மத்தியானம் கூட்டம். அந்தப் பெட்டியா, நானா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

எந்தப் பெட்டி என்று பார்க்கிறாய். சொல்கிறேன், கேள். சென்னை வரைக்கும் நேரம் இருக்கிறது.

என் பெயர் குமுதவல்லி. கடலூருக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அன்னதானச் சபை என்று ஒன்று உண்டு. என் மாமனார் ஆரம்பித்தது. எங்களுக்கு ரைஸ்மில் இருந்தது. மாமனாருக்குப் பிறகு என் கணவர், அவருக்குப் பிறகு நான். இப்போது மில் இல்லை, சபை இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எங்கள் பக்கம் வெள்ளம் வரும். நீ டிவியில் பார்த்திருப்பாய், ஒரு நிருபன் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று கழுத்து வரைக்கும் தண்ணீர் என்பானே, அது எங்கள் ஊர்தான். வெள்ளம் வந்தால் கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டுவோம். சாம்பார் சாதம், புளிசாதம். அண்டா அண்டாவாகக் குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்புவோம். எந்த வண்டி எங்கே போகிறது என்று சொல்வது நான். மண்டபத்து வாசலில் நாற்காலி, மடியில் போன். அவ்வளவுதான் என் கம்ப்யூட்டர்.

கூப்பிடுவார்கள். எல்லாரும் கூப்பிடுவார்கள். மீன்காரத் தெரு மாரிச்சாமி முதலில் அழுவான், பிறகு கேட்பான். மேலவீதி கவுன்சிலர் முதலில் கேட்பார், பிறகு என் முட்டிவலியை விசாரிப்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இருக்கிறாரே, கேட்கவே மாட்டார். “அம்மா, நாங்க உங்களைத்தான் நம்பியிருக்கோம்” என்று சொல்லிவிட்டு மூச்சு விடாமல் நிற்பார். அதுவும் ஒரு வகைக் கேட்பதுதான். குரலுக்குக் காது வேண்டுமம்மா. நான் அந்தக் காலத்து எம்.ஏ. தமிழ். ஒரு சொல் எங்கே உடைகிறது, எங்கே நடிக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்கிற விதத்தை வைத்தே யாருக்கு முதல் வண்டி என்று முடிவு செய்துவிடுவேன். தேவை இருக்கிறவன் கேட்பான். கேட்கிறவனுக்குக் கொடுப்பேன். இதில் பெட்டிக்கு என்ன வேலை?

மழைக்காலம் வந்தால் என் போன் ஓயாது. மற்ற மாதங்களில் காஸ் கம்பெனிக்காரனைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஒரு வழக்கம். கடைசி வண்டி திரும்பி வரும்போது ஒரு அண்டாவாவது மிஞ்சியிருக்க வேண்டும். மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். மிஞ்சினால்தான் தர்மம் நிறைந்தது என்று அர்த்தம். துடைத்த அண்டா வந்தால் யாரோ போதாமல் எழுந்தார்கள் என்று அர்த்தம். மிஞ்சியதை மாட்டுக்கு வைப்போம். அந்த மாடுகள் மழைக்காலத்தில் எப்படிக் கொழுக்கும் தெரியுமா? கண் படும்.

இந்த வருடம் புரட்டாசியில் ஒரு பெண் வந்தாள். பெனிட்டா. எங்களுக்கு அரிசி கொடுக்கிற சென்னை நிறுவனம் அனுப்பியது. கால்சட்டை, தோளில் பை, பையில் அந்தப் பெட்டி. லேப்டாப் என்றுதான் சொல்கிறார்கள். நான் பெட்டி என்றுதான் சொல்வேன். மண்டபத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதைத் திறந்து வைத்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் புழு மாதிரி நெளிந்தன.

“மேடம், ஒவ்வொரு ஊர்லயும் எத்தனை பேர் இருக்காங்க, எந்த ரோட்டுல எவ்வளவு தண்ணி, சமைச்ச சோறு எத்தனை மணி நேரம் கெடாம இருக்கும், எல்லாத்தையும் இதுல போட்டா, எந்த வண்டி எங்க முதல்ல போகணும்னு இதுவே கணக்குப் போட்டுச் சொல்லிடும் மேடம்.”

“தண்ணீர் எவ்வளவு என்று பெட்டி எட்டிப் பார்க்குமா?”

“டிரைவர் அண்ணங்க போன்ல சொல்வாங்க மேடம். ஒரு ரோடு அடைச்சா உடனே வேற ரோடு காட்டும்.”

மேடமாம். எனக்கு வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது. அம்மா என்று சொல்ல நாக்கு வளையாது இந்தக் காலத்துப் பெண்களுக்கு.

அதுகூடப் போகட்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் அதுவாகப் போன் போடுமாம். பெனிட்டாவின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள், அந்தக் குரல் கேட்கும்: “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறார்களோ அதை எழுதிக்கொள்ளும். யார் சாப்பிட்டு அதிக நேரம் ஆகிறதோ, அங்கே வண்டி முதலில்.

நீயே சொல்லம்மா, இது ஒரு கேள்வியா? நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்போம். அது மரியாதை. வயிறு காய்ந்திருந்தாலும் ஆச்சு என்று சொல்வோம். அது பண்பு. கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். யாரும் யார் இலையையும் எட்டிப் பார்ப்பதில்லை. இது எப்போது என்று கேட்கிறது. போலீஸ்காரன் மாதிரி. எப்போது என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன செய்வான்? உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவளிடம் சொன்னேன். “பெண்ணே, பசியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதே. மாதம் இரண்டு ஏகாதசி விரதம் இருக்கிறவள் நான்.”

“விரதம் முடிஞ்சா சாப்பாடு இருக்கும்ல மேடம்” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. முடிந்தால் சாப்பாடு இருக்காமல் வேறென்ன இருக்கும்?

புதுச்சேரி வந்துவிட்டது போலிருக்கிறது. இறங்குகிறவர்களைப் பார், எதற்கு இத்தனை அவசரம், எல்லாருக்கும் தெரியும் எதற்கு என்று. கண்டக்டர் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். நிலக்கடலைக்காரன் என் காதில் கத்துகிறான். எனக்கு வேண்டாமப்பா. வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லையே நீ. நல்லது.

எங்கே விட்டேன்? ஆமாம், புயல் வந்தது. கரையைக் கடந்த மறுநாள் அந்தப் பெட்டி சொன்னபடி வண்டிகள் போயின. என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள், பொய் சொல்லக்கூடாது. சென்னையிலிருந்து ஒருவன் பேசினான், “ஒரு நாள் முயற்சி பண்ணிப் பாக்கலாம் மேடம்” என்று. சரி, அவமானப்படட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா? எல்லா அண்டாவும் காலி. ஒன்றுவிடாமல் துடைத்துவிட்ட மாதிரி. மாட்டுக்கு வைக்க ஒரு பருக்கை இல்லை. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. மாமனார் இருந்திருந்தால் மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்திருப்பார். அந்தப் பெண்ணோ டிரைவர்களோடு சேர்ந்து கை தட்டுகிறாள். “மேடம், ஒண்ணுமே வீணாகலை மேடம்!”

வீணாகலையாம். வீணாகாத இடத்தில் தர்மம் எங்கே இருக்கிறது? கல்யாண வீட்டில் இலை எண்ணிப் பாயசம் வைப்பார்களா?

என் போனும் அன்றைக்கு அடிக்கவில்லை. மாரிச்சாமி கூப்பிடவில்லை. வாத்தியார் கூப்பிடவில்லை. சோறு தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் எதற்குக் கூப்பிடுவார்கள்? நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். மழையும் என்னைப் பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள்தான் அந்த ஓடைத்திட்டு விவகாரம்.

ஓடைத்திட்டு என்பது உப்பங்கழி ஓரத்தில் ஒரு மேடு. இருளர் குடிசைகள் கொஞ்சம் உண்டு. நண்டு பிடிப்பார்கள், இறால் தடவுவார்கள். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே கிடக்கிறவர்கள், அவர்களுக்கு வெள்ளம் என்ன புதிதா? சபை ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே ஒரு வண்டியும் போனதில்லை. ஏன் என்று நினைக்கிறாய்? வஞ்சமா? சத்தியமாக இல்லை. அங்கிருந்து எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. ஒரே ஒரு போன்! தேவை இருந்தால் கேட்டிருக்க மாட்டார்களா? அப்படியானால் தேவை இல்லை என்றுதானே அர்த்தம்?

இதை நான் சொன்னபோது பெனிட்டா என்ன சொன்னாள் தெரியுமா? “அவங்க நம்பரு உங்ககிட்ட இல்ல, உங்க நம்பரு அவங்ககிட்ட இல்ல மேடம்” என்றாள். இவள் மழைக்கு முன்பே சேற்றில் நடந்து போய் அங்கே ஒரு பட்டன் போனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லாமல். முந்தின நாள் சிக்னல் இல்லையாம், அன்று காலையில்தான் அந்தப் போனுக்குப் பெட்டி பேசியிருக்கிறது. வந்த பதிலை எனக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பெண் குரல். பின்னால் மழைச் சத்தம், ஏதோ குழந்தை இருமுகிற சத்தம்.

“முந்தாநாள் மத்தியானம்.”

அவ்வளவுதான். தாங்க இல்லை, அனுப்புங்க இல்லை, அம்மா இல்லை, சாமி இல்லை. முந்தாநாள் மத்தியானம். யாரோ பஸ் எப்போது என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி. அந்தக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பசித்தவள் அப்படிப் பேசுவாளா? உடைகிற குரலை நான் எத்தனை கேட்டிருக்கிறேன்.

பெட்டியில் ஓடைத்திட்டு சிவப்பாக எரிந்தது. முதல் வண்டி அங்கே என்றது. முதல் வண்டி! அதுவும் அன்றைக்கு!

அன்றைக்கு ஜவுளிக்கடை சுப்புரத்தினத்தின் பேத்திக்குப் பிறந்தநாள். அன்றைய சமையல் அவர் உபயம். பள்ளிக்கூடத்து முகாமில் அவர் கையால் முதல் கரண்டி பரிமாற வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். காலையிலேயே சொல்லிவிட்டார். உபயதாரர் கை பட்ட பிறகுதான் மற்ற ஊருக்கு வண்டி கிளம்ப வேண்டும். அதுவும் மாமனார் காலத்து வழக்கம். இதைப் பெட்டிக்குச் சொல் என்றேன் பெனிட்டாவிடம்.

“அதைப் போட இதுல இடம் இல்ல மேடம்.”

“எதை?”

“போட்டோவை.”

சிரிக்காமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பேன்.

நான் அடுப்புப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் காசிலிங்கம் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடைத்திட்டுக்குக் கிளம்பிவிட்டான். இருபது வருடமாக என் டிரைவர். பெட்டி சொன்னால் போய்விடுவதா? நாலு பெரிய அண்டாவும் அதில்தான் இருந்தன. வாசலில் சுப்புரத்தினம் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். பேத்திக்குப் பாவாடை சட்டை, தலையில் கிரீடம். நான் என்ன செய்ய? போன் போட்டேன்.

“காசி, வண்டியைத் திருப்பு.”

“அம்மா, மதகுகிட்ட வந்துட்டேம்மா. ஜனங்க தெரியுறாங்க.”

“தெரியட்டும். அவர் வந்தாச்சு. திருப்பு.”

“இடுப்புத் தண்ணியில வந்து மதகு மேல நிக்கிறாங்கம்மா. குழந்தைங்கள்லாம் தோள்ல. அந்தப் பெட்டி வண்டி வருதுன்னு அவங்களுக்குச் சொல்லியிருக்கு போல.”

“நான் சொன்னேனா? பெட்டி சொன்னால் பெட்டி வந்து கொடுக்கட்டும்.”

“அம்மா, கையைக் காட்டுறாங்கம்மா.”

“நீயும் காட்டிட்டு வா.”

வந்தான். நான் சொன்னால் வருவான். பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு உடனே திரும்பிப் போகலாம் என்றுதான் என் எண்ணம். நான் என்ன அரக்கியா?

பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைக் கேள். வரிசையில் உட்கார வைத்தோம். சுப்புரத்தினம் கரண்டியைப் பேனா மாதிரி பிடிக்கிறார். பிறவியில் யாருக்கும் பரிமாறியதில்லை, அந்தக் கை சொல்கிறது. ஒரு கரண்டி சோற்றில் பாதி இலையில், பாதி உட்கார்ந்திருந்த கிழவர் மடியில். அந்தக் கிழவர் ஏப்பம் விடுகிறார். ஏன் என்று கேட்டால், காலையில் கட்சிக்காரர்கள் பரோட்டா கொடுத்தார்களாம், சர்ச்சிலிருந்து ரொட்டி வந்ததாம், அதற்குப் பிறகு யாரோ ரசிகர் மன்றம் தக்காளிச் சாதம். ஒரு பொடிப்பயல் எங்கள் அண்டாவைப் பார்த்துவிட்டு “ஐயோ, மறுபடியும் சோறா?” என்கிறான். போட்டோ எடுத்த கையோடு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இலையில் அப்படியே விட்டுவிட்டு! ஜனங்களுக்கு மரியாதை செத்துப்போயிற்று. அன்னத்தை விட்டு எழுந்திருக்கிறோமே என்று ஒரு வெட்கம் இல்லை.

ஆனால் மூன்று அண்டா மிஞ்சியது. மறைக்கமாட்டேன், எனக்கு மனசு நிறைந்தது. முந்தின நாள் துடைத்த அண்டா, அன்றைக்கு மிஞ்சியது. எனக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார் சுப்புரத்தினம். பாலியஸ்டர்.

அதற்குள் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. மதகுக்குப் போகிற சாலை மூழ்கிவிட்டது. “வேற வழி காட்டுது, மேற்கால சுத்திப் போலாம்” என்று பெனிட்டா குதித்தாள். காசிலிங்கம் சாவியோடு நின்றான். வெள்ளத்தில் டிரைவரை அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. அவனும் மனிதன்தானே? யோசித்துத்தான் செய்தேன். சாதமும் அதற்குள் நூல்விட ஆரம்பித்துவிட்டது. மாட்டுக்கு வைத்தோம்.

அவர்கள்? மதகு மேலேயேதான் இருந்தார்களாம். திட்டுக்குத் திரும்பவும் முடியவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது. ராத்திரி அங்கேயே. மறுநாள் மீன்காரத் தெருப் படகுகள் போய் இறக்கின. ஒரு கிழவிக்கு நெஞ்சில் சளி கட்டி, இன்னும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இதற்கெல்லாம் யார் காரணம்? பெட்டி! வருகிறேன் என்று யார் சொல்லச் சொன்னது? அது சொல்லாதிருந்தால் அவர்கள் பாட்டுக்குத் திட்டில் இருந்திருப்பார்கள். பசித்திருந்தாலும் காய்ந்த இடத்தில் பசித்திருப்பார்கள்.

தானம் செய்கிறவளுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? வருகிறேன் என்று சொல்லாதே. சொல்லாமல் கொடுத்தால் வாங்குகிறவனுக்குச் சந்தோஷம். சொல்லிவிட்டுக் கொடுத்தால் அது கடன். சொல்லிவிட்டுக் கொடுக்காவிட்டால் பகை. இதை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு நாள் மண்டபத்து கேட்டில் ஒருத்தி வந்து நின்றாள். கரிய, ஒல்லியான பெண். உள்ளே வா என்றேன், வரவில்லை. பெயர் கன்னியம்மாளாம். அந்தக் கிழவியின் மகள். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தாநாள் மத்தியானம்.

ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். “முதலில் சாப்பிடு” என்றேன்.

கையை நீட்டவில்லை அவள்.

“சோறு கேக்க வரலம்மா.”

“வேறெதுக்கு வந்தாய்?”

“‘உங்க சோறு வந்துக்கிட்டிருக்கு’ன்னு போன்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு. வண்டியும் வந்துச்சு. எங்க கண்ணு முன்னாடி திரும்பிப் போச்சு. ஏன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

உங்க சோறு! கேட்டாயா? எங்கள் அரிசி, சுப்புரத்தினத்தின் பருப்பு, எங்கள் விறகு. அது அவள் சோறாம். பெட்டி அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இத்தனை வருடத்தில் என்னிடம் ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அழுது கேட்டிருக்கிறார்கள், காலைத் தொட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. நான் என்ன பதில் சொல்வது? பேத்திக்குப் பிறந்தநாள் என்று சொல்வதா? இவளுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் நிற்கிறாள். கோபமாக நின்றால்கூடப் பரவாயில்லை. சும்மா நிற்கிறாள், மழை விடட்டும் என்று நிற்கிற மாதிரி. சாயங்காலம்தான் போனாள்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதே. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி அனுப்பினேன். ஆப்பிள், சாத்துக்குடி, உயர்ந்த ரகம். கூடையோடு திருப்பி அனுப்பிவிட்டாள். “பதில் வந்துச்சா அண்ணே” என்று கேட்டாளாம் காசிலிங்கத்திடம். திமிர்! அவனும் அதை என்னிடம் வந்து சொல்கிறான், பழக்கூடையை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குத்தான் இந்தக் கூட்டம். சென்னையில் பெரிய மேஜை போட்டுக் கேட்கப் போகிறார்களாம். வண்டி ஏன் திரும்பியது? இனிமேல் வண்டி எங்கே போகிறது என்று சொல்வது யார்? நான் சொல்லப் போவதை மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டிக்குக் காது இல்லை. கேட்கிற குரலில் எது மெய், எது நடிப்பு என்று அதற்குத் தெரியாது. மனிதன் மனிதனைக் கேட்க வேண்டும், மனிதன் மனிதனுக்குக் கொடுக்க வேண்டும். நல்ல வாக்கியம் இல்லையா? அதோடு முடிப்பேன். அந்த வாக்கியத்துக்கு எதிரில் அந்தப் பெட்டி என்ன சொல்லும், பார்க்கலாம்.

அவளும் வருகிறாள், கன்னியம்மாள். பேச வைக்கிறார்களாம். அவளையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைப்பார்களாம்.

என்ன கேட்டாய்? காரா? கார் வராமல் என்ன? வந்துகொண்டுதான் இருந்தது. போனில் அந்தப் பெட்டியின் பெண் குரல் வந்து சொல்லிற்று, “உங்க வண்டி வந்துக்கிட்டிருக்கு.” எனக்கே பேசுகிறது, பார். காசிலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், கார் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு பிறகு என் வாசலுக்கு வருமாம். அதுதான் சுற்று குறைவான வழி என்று பெட்டி சொல்கிறதாம். அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற காரில், மிச்ச இடத்தில், நான் ஏறுவது. சென்னை வரைக்கும். வழியில் அவள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால்? கேட்காமல் சும்மா உட்கார்ந்து வந்தால்? கேட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். கார் வந்து என் வாசலில் நிற்கட்டும். ஹார்ன் அடிக்கட்டும். திரும்பிப் போகட்டும்.

மரக்காணம் தாண்டிவிட்டோமா? இந்த உப்பளத்தைப் பார்த்தாலே கண் கூசுகிறது. தலை கொஞ்சம் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. ஒன்றும் இல்லை. பஸ் ஆட்டம்.

இல்லையம்மா, வேண்டாம். சாப்பிட்டாச்சு. ஆச்சு என்று சொல்கிறேனே. நீ சாப்பிடு, பிரித்துக்கொள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

என்ன?

எப்போது என்றா கேட்கிறாய்?

என்ன பெண்ணம்மா நீ. முன்பின் தெரியாதவளிடம் இப்படியா கேட்பது? நேற்று வைகுண்ட ஏகாதசி. தண்ணீர் மட்டும்தான். காலையில் சாப்பிட்டுப் பாரணை முடிக்க வேண்டும், காரில் டிபன் என்று சொன்னதால் அதுவும் இல்லை. அதற்கு முதல் நாள் தசமி, ஒரே வேளை.

முந்தாநாள் மத்தியானம்.

எதற்கு அப்படிப் பார்க்கிறாய்? விரதம் வேறு, அது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடாது. இத்தனை நேரம் சொன்னதில் உனக்கு என்ன புரிந்தது, தெரியவில்லை.

சரி, சரி, கையில் திணிக்காதே. பட்டில் எண்ணெய் படும். இலையைக் கொஞ்சம் இப்படித் தள்ளு. ஒன்று போதும். இரண்டு எடுத்துக்கொள்கிறேன், நீ வற்புறுத்துகிறாய் என்பதற்காக.

நல்ல மென்மை. உங்கள் வீட்டு உளுந்து நல்ல உளுந்து.

நான் கேட்கவில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நீயாகக் கொடுத்தாய். நான் கேட்கவே இல்லை.